வேற எதனா கேக்கணுமா?

அன்று அந்தப் படிக்கட்டில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அந்தப் பெண் கல்லூரியை முடித்திருப்பாளா? ஐந்து வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது வருகிறது. மகளுக்குத் தலை பின்னும்போது வருகிறது. முடித்திருப்பாள் என்று ஒருநாள் தோன்றுகிறது. வேறு ஏதாவது காரணம் சொல்லி வீட்டில் நிறுத்தித்தான் இருப்பார்கள் என்று மறுநாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பெண்ணைப் பற்றி அல்ல. அன்று மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி. அவர் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிட்டோம்.

ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் மேடத்தின் ஆபீஸ். போன்களை ஆராய்ந்து அறிக்கை தருவது எங்கள் வேலை. வந்தவற்றில் பாதிக்கு மேல், பல பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் நடந்த குற்றங்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் திருடுவது, வேறு ஆளாக நடித்துப் பழகுவது, ஒரு அணியே சேர்ந்துகொண்டு ஒருவரை மிரட்டுவது. வக்கீல்கள் அனுப்புவார்கள். பள்ளிக்கூடங்கள் அனுப்பும். சில சமயம் அப்பாவோ அம்மாவோ பிள்ளையின் போனைப் பிடுங்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வருவார்கள்.

வந்த போனை மேடம் முதலில் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றி, முறுக்கு போட்டு வைக்கிற எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடுவார். சிக்னல் கிடைத்தால் யாராவது வெளியிலிருந்தே உள்ளே இருப்பதை அழித்துவிட முடியும் என்பதால். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் தெருமுனையில் திரும்பும்போது அந்த டப்பா மேஜைமேல் லேசாக அதிரும். மேடம் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே மறு கையால் எழுதுவார். ஐம்பது வயதைத் தாண்டியவர். காதளவுக்கு வெட்டிய தலைமுடி, கயிறு கட்டிய கண்ணாடி, கழுத்தில் சின்னச் சிலுவை. இந்த ஆபீசுக்கு முன்னால் துறைமுகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார் என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார்.

நான் எம்.சி.ஏ. படித்தவள். ஆனால் அங்கே என் வேலை பெரும்பாலும் எழுத்து வேலைதான். விளையாட்டுக்குள் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசிக்கொள்வார்கள். பாதி வட சென்னைப் பேச்சு, பாதி அவர்களுக்குள் மட்டும் புரிகிற சுருக்கங்கள். அதையெல்லாம் தமிழ் எழுத்தில் பெயர்த்து, பக்கத்தில் நேரம் போட்டு, கோர்ட்டில் படிக்கிற மாதிரி தட்டச்சு செய்ய வேண்டும்.

முதல் வாரம் ஒரு பையன் தன் அணித்தலைவனைத் திட்டியதைத் தட்டச்சு செய்தேன். கெட்ட வார்த்தைகள் வந்த இடத்தில் முதல் எழுத்தை மட்டும் போட்டுப் புள்ளிகள் வைத்தேன். படித்த பெண், அப்படித்தான் செய்வாள் என்று நினைத்தேன். மேடம் தாளைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளி அவன் வெச்சானா, நீ வெச்சியா?"

நான்தான் என்றேன்.

"அப்ப இது உன் வாக்குமூலம். அவனுது இல்ல."

ஒவ்வொரு புள்ளியாக நிரப்பச் சொன்னார். நிரப்பியதும் உரக்கப் படிக்கச் சொன்னார். டீ கொண்டுவந்த பெண்மணி வாசலிலேயே நின்றுவிட்டார். மூன்று பக்கத்தையும் படித்து முடிக்கும்போது என் காது சுட்டது. மேடம் டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மூன்றாவது பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்றார். நாளடைவில் எனக்கும் பழகிவிட்டது. எந்தப் பிள்ளை எதைச் சொல்லியிருந்தாலும் புள்ளி வைக்காமல் எழுத வந்துவிட்டது. அது நல்லதுதானா என்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய குணம் என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததற்குச் சொல்லமாட்டார். தொழிலில் மட்டும் அல்ல, எல்லாவற்றிலும் அப்படித்தான். சாப்பிட்டீர்களா மேடம் என்றால் ஆமாம் என்பார். சாப்பிட்டது காலையில் ஒரு பட்டர் பிஸ்கட் என்பது நான்கு மணிக்கு அவர் இரண்டாவது பிஸ்கட்டைத் தேடும்போதுதான் தெரியும். நான் சேர்ந்த புதிதில், சார் நல்லாயிருக்காரா என்று மரியாதைக்கு அவர் கணவரைப் பற்றி விசாரிப்பேன். நல்லாயிருக்காரு என்பார். ஒரு வருடம் இப்படியே போனது. அந்தக் கணவர் ஆறு வருடத்துக்கு முன்பே இவரை விட்டுவிட்டு அம்பத்தூரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்ன அன்று, நான் வெட்கத்தோடு போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இன்னாத்துக்கு மன்னிப்பு? நல்லாகீறாரான்னு கேட்ட. நல்லாத்தான் கீறாரு. போன மாசம்கூட பாத்தேன், தொப்ப போட்டுகீது."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறையாக இருக்கலாம்.

ஆபீசில் ஒரு படிவம் உண்டு. அதில் 'அறிய வேண்டியது' என்று ஒரு கட்டம். போன் கொண்டுவருகிறவர்கள் தங்கள் கேள்வியை அவர்கள் கையாலேயே அதில் எழுத வேண்டும். அந்தக் கேள்விக்கு மட்டும்தான் அறிக்கை. கேள்வியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு நான் ஒருமுறை உதவப் போனேன். மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். கேள்வியை நாம் எழுதினால் பதிலையும் நாம் எழுதின மாதிரி ஆகிவிடும், அப்புறம் இந்த ஆபீஸ் எதற்கு என்றார். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. இப்போதும் படுகிறது. அதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்த நியாயத்தால் ஒருவன் தப்பித்ததையும் நான் பார்த்தேன். எண்ணூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், போட்டியில் சுவருக்கு அப்பால் இருப்பவர்களைக் காட்டும் திருட்டு மென்பொருளை வைத்து ஜெயித்தான் என்று குற்றச்சாட்டு. அந்த மென்பொருள் அவன் போனில் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் நேரில் வந்து, பயன்படுத்தினான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், மேடம் சொன்னால் எடுபடும் என்று இதமாகக் கேட்டார். மேடம் படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "இருக்கான்னு எழுதிகீறீங்க. இருக்குது. தொறந்தானான்னு கேளுங்க, பாத்து சொல்றேன்." அவர் கேட்டார். மேடம் பார்த்தார். இறக்கியதோடு சரி, அவன் அதை ஒருமுறைகூடத் திறந்திருக்கவில்லை. அந்தப் பையனின் அம்மா மேடத்தின் கால்களைத் தொட வந்தபோது மேடம் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதே மாதத்தில்தான் இன்னொரு அம்மா வந்தார். திருவொற்றியூர்க்காரர், தனியார் மருத்துவமனையில் ஆயா வேலை. மகனின் விளையாட்டுக் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள், யார் என்று தெரிய வேண்டும். அது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவன் வகுப்புத் தோழன்தான். அறிக்கையை வாங்கிக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எம்மாம் நேரம் பேசினுகீறான் அதுல! என்னப் பத்தி எதனா சொல்லிகீறானா மேடம்?"

நான் அந்த உரையாடல்களைத் தட்டச்சு செய்தவள். எனக்குத் தெரியும். மேடத்தைப் பார்த்துத் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று.

"சொல்லிகீறான்," என்றார் மேடம். திரையை அந்த அம்மா பக்கம் திருப்பினார்.

அந்தப் பையன் தன் அணியினரிடம் அம்மா செத்துப்போய்விட்டதாகச் சொல்லியிருந்தான். இரண்டு போட்டிகளுக்கு வராமல் போனதற்கு அவன் சொன்ன காரணம் அது. அவர்கள் நம்பினார்கள். ஒருநாள் அணியில் இருந்த பதினொரு பேரும் விளையாட்டுக்குள் ஒரு மலைமேல் கூடி, துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டு, அந்த அம்மாவுக்காக ஒரு நிமிடம் அசையாமல் நின்றிருக்கிறார்கள். யாரோ அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் 'தேங்க்ஸ் நைனா' என்று பதில் போட்டிருந்தான். அந்த அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். யூனிபார்ம் புடவையின் தலைப்பை இரண்டு முறை சரி செய்தார். இதில் நிற்பவர்கள் எல்லாம் யார் என்று கேட்டார். அவன் பிரண்டுங்க என்றார் மேடம்.

அவர் போனபின், ஏன் மேடம் காட்டினீர்கள் என்று கேட்டேன். "கேட்டாங்க," என்றார். அடுத்த போனை எடுத்து அலுமினியத் தாளில் சுற்ற ஆரம்பித்தார்.

இனி அந்தப் பெண்.

காசிமேட்டில் அக்காவும் தங்கையும் கீழ்வீடு மேல்வீடாகக் குடியிருந்த குடும்பம். கீழ்வீட்டு அக்காவின் மகள் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். மேல்வீட்டுத் தங்கையின் மகள் பத்தாவது. இருவரும் ஒரே விளையாட்டில் ஒரே அணி. ஒருநாள் அந்த அணியின் நாற்பது பேருக்கும், பத்தாவது படிக்கும் பெண் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற படம் போனது. கூடவே அவள் நிறத்தையும் பல்லையும் பற்றி ஆறேழு வரிகள். இரவு எட்டு மணிக்குத் தோழி ஒருத்தி காட்டித்தான் அவளே பார்த்தாள். விளையாட்டைப் போனிலிருந்து நீக்கிவிட்டாள். பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். சாப்பிடுவதையும் கிட்டத்தட்ட நிறுத்தினாள். செய்திகள் போனது கீழ்வீட்டுப் பெண்ணின் பெயரில். பெற்றவர்கள் திரையில் நேரம் எதுவும் காட்டாது.

நான் அனுப்பவில்லை என்றாள் அவள். அப்பா அவளை நம்பினார். அதனால்தான் அவரே போனை எடுத்துக்கொண்டு மகளோடு எங்களிடம் வந்தார். துறைமுகத்தில் கப்பல்மேல் கன்டெய்னர்களைக் கட்டுகிற வேலை அவருக்கு. தடித்த விரல்களால் பேனாவைப் பிடித்துப் படிவத்தில் நிறுத்தி நிறுத்தி எழுதினார்: 'இந்த மெசேஜ் இந்த போனில் இருந்து போனதா. போனில் எத்தனை மணி என்று காட்டுது.' சம்பவத்தன்று போன் யாரிடம் இருந்தது என்று வழக்கமாகக் கேட்கும் விவரத்துக்கு அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். காலையில் பிராக்டிகல் தேர்வு, ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை. பரீட்சை அன்று போனை உள்ளே விடமாட்டார்கள் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். சாயந்திரம் முழுக்க அவள் கையில்தான் இருந்தது.

செய்திகள் அந்தப் போனிலிருந்துதான் போயிருந்தன. போன் காட்டிய நேரம் மாலை 7.12.

ஆனால் விளையாட்டுகள் தம் சொந்தக் கணக்கில் ஒரு நேரத்தை மூலையில் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அது போனின் கடிகாரம் அல்ல, விளையாட்டு நிறுவனத்தின் சர்வர் சொல்லும் உலக நேரம். நம் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலைச் செய்வது என் வேலை. கூட்டினேன். காலை 10.40 வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று மறுபடி கூட்டினேன். அதே 10.40.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் போனில் சின்னதாக இன்னொரு விளையாட்டும் இருந்தது. அதில் உயிர்கள் தீர்ந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் போனின் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பார்கள். விளையாட்டு ஏமாந்து உயிர்களைக் கொடுத்துவிடும். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் அது. அன்று காலை யாரோ அப்படித் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கடிகாரத்தோடேயே அந்தச் செய்திகளையும் அனுப்பியிருக்கிறார்கள். அப்போது அந்தப் பெண் பரீட்சை ஹாலில் இருந்தாள். இரண்டு வீட்டிலுமாக அந்தப் போனை எடுத்து விளையாடுகிறவர்கள் ஆறு பேர். யார் என்று எனக்குத் தெரியாது. அவள் இல்லை என்பது மட்டும் தெரியும்.

ஓடிப்போய் மேடத்திடம் காட்டினேன். அவர் இரண்டு நேரங்களையும் சரிபார்த்தார். என் கூட்டல் சரி என்றார். பிறகு படிவத்தை எடுத்தார்.

"அவரு இன்னா எழுதிகீறாரு? படி."

படித்தேன்.

"போன்ல எத்தினி மணின்னு காட்டுதுன்னு கேட்டுகீறாரு. போன் இன்னா காட்டுது?"

"7.12, மேடம். ஆனா..."

"அத்த எழுது."

எழுதினேன். என் விரல்கள்தான் எழுதின. ஆம். மாலை 7.12. இதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் அறிக்கையைப் படித்தார். அப்போது என் கண்ணில் பட்டது அவர் முகம் அல்ல, தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல். நகம் வெள்ளையாகிவிட்டது. "அன்னிக்கு எனக்கு பிராக்டிகல்ப்பா," என்றாள் அவள். "அது காலைல. இது சாய்ந்தரம். நீயே சொன்னல்ல, சாய்ந்தரம் உங் கைலதான் இருந்திச்சின்னு," என்றார் அவர். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

அவள் மேடத்திடம் திரும்பினாள். "இந்தப் போன்லேர்ந்துதான் போச்சா மேடம்? கரெக்டா பாத்தீங்களா?"

"கரெக்டா பாத்தேன். இதுலேர்ந்துதான் போச்சி."

பிறகு மேடம் ஒரு காரியம் செய்தார். அதுவரை யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

"வேற எதனா கேக்கணுமா?"

அவள் யோசித்தாள். என் கணக்கை வேறு யாராவது திருடியிருப்பார்களா என்று கேட்டாள். இல்லை, திருடவில்லை என்றார் மேடம். அதுவும் உண்மை. மறுபடி கேட்டார், வேற எதனா கேக்கணுமா என்று. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது முறையும் கேட்டார். தெருவில் லாரி ஒன்று திரும்பியது, மேஜைமேல் டப்பா அதிர்ந்தது, மேடம் அதன்மேல் கையை வைக்கவில்லை. அவள் இல்லை என்று தலையாட்டினாள். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கையெழுத்து நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு படிக்கட்டு வரை போனேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு முன்னால் இறங்கினார். அவள் எனக்கு இரண்டு படி கீழே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். மணி பதினொன்று இருக்கும். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. 'கடிகாரத்தைக் கேள்' என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு சொல். என் மகளுக்கு அப்போது மூன்று வயது, அவளைப் பள்ளியில் சேர்க்க அந்த வேலை வேண்டும் என்று அந்த நேரத்தில் யோசித்தேனா, அல்லது இப்போது சாக்குச் சொல்கிறேனா, தெரியவில்லை. பார்த்துப் போங்க என்றேன். படி செங்குத்தாக இருக்கும், அதைத்தான் சொன்னேன்.

உள்ளே வந்து, முதல் முறையாக மேடத்திடம் குரலை உயர்த்தினேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாமே மேடம் என்றேன்.

"நீ சொல்லிகலாமே. உன் வாய யாரு கட்டுனா?"

நீங்கள் திட்டுவீர்களே என்றேன்.

"திட்டியிருப்பேன். அவ்ளோதான?"

பிறகு, டப்பாவைத் துடைத்துக்கொண்டே, தான் ஒருமுறை கேட்காததைச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அதோடு சரி. நான் நின்றுகொண்டிருந்தேன். அவரும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து இரண்டாவது குழந்தை வயிற்றில் வந்ததும் வேலையை விட்டுவிட்டேன். கடைசி நாளன்று, நான் நல்லா வேலை செஞ்சேனா மேடம் என்று கேட்டேன். தப்பு பண்ணல என்றார்.

அந்தப் பெண்ணை ஒரு வருடம் கழித்து வண்ணாரப்பேட்டையில் ஒரு நைட்டிக் கடையில் பார்த்தேன். வெளியே ஸ்டூலில் நின்று துணிகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். அறிக்கை வந்த வாரமே காலேஜை நிறுத்திவிட்டார்களாம். மேல்வீட்டுச் சித்தி வீட்டைக் காலி செய்துகொண்டு அத்திப்பட்டுப் பக்கம் போய்விட்டார்களாம். அப்பா அதன் பிறகு தன்னோடு பேசுவதில்லை என்பதை, கடையில் எந்த அளவு இருக்கிறது எது இல்லை என்று சொல்கிற மாதிரியே சொன்னாள். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கிளம்பும்போது கேட்டாள்:

"அக்கா, அந்த மேடம் மூணு வாட்டி கேட்டாங்கல்ல, வேற எதனா கேக்கணுமான்னு. நான் இன்னாக்கா கேட்டிருக்கணும்?"

"தெரியலம்மா," என்றேன்.

மேடம் என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று அந்தக் கடை வாசலில் பொய் சொன்னது நான். என் மகளுக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு மெட்ரோ படி இறங்கினேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து கட்டம் கட்டமாக வீடு கட்டும் ஒரு விளையாட்டை ஆடுகிறார்கள். போன சனிக்கிழமை ஒரு சிறுமி கட்டியிருந்த ஊர் முழுவதையும் யாரோ இடித்துவிட்டார்கள். இடித்த இடத்தில் பலகை நட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிறுமிக்கு அப்பா இல்லை. போன வருடம் இறந்துவிட்டார். பலகையில், 'உன் மூஞ்சிய பாத்துதான் உங்கப்பா செத்தாரு' என்று இருந்தது. நான் புள்ளி வைக்கவில்லை. அந்தச் சிறுமி ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. பலகை நடப்பட்டது என் மகளின் பெயரில்.

நான் இல்லை என்றாள் என் மகள். அன்று சாயந்திரம் போனை வைத்திருந்தது அவள்தான் என்று இன்னொரு பெண்ணைச் சொன்னாள். எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிறவரின் மகள். அதே பள்ளியில், ஏழைப் பிள்ளைகளுக்கான இலவச இடத்தில் படிக்கிறாள். தினமும் எங்கள் வீட்டுக்கு விளையாட வருவாள்.

போனை அலுமினியத் தாளில் சுற்றினேன். வீட்டில் முறுக்கு டப்பாதான் இருந்தது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். போன் காட்டிய நேரம் மாலை 6.20. அப்போது என் மகள் அபாகஸ் வகுப்பில் இருந்தாள். மாவுக்காரரின் மகள்தான் எங்கள் கூடத்தில் போனோடு உட்கார்ந்திருந்தாள். நானே கொடுத்துவிட்டுச் சமைக்கப் போனேன். பிறகு மூலையில் இருந்த கோப்பைத் திறந்து ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினேன். 3.50. அந்த நேரத்தில் மாவுக்காரரின் மகள் வரவே இல்லை. என் மகள் படுக்கையறையில் தனியாக இருந்தாள்.

கடிகாரத்தைத் தள்ளி வைக்கிற தந்திரத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சின்னவனுக்குக் காய்ச்சல் அடித்த ஒருநாள், உயிர் தீர்ந்துபோச்சு என்று அவள் அழுத அழுகையை நிறுத்த வேறு வழி தெரியாமல் செய்து காட்டினேன்.

அவளைக் கேட்டேன். இரண்டாவது முறை கேட்டதும் ஆமாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். அந்தச் சிறுமி தன்னைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை என்றாள். பிறகு, "பலகைல எழுதினா அவங்கப்பாவுக்குத் தெரியாதுல்ல, அம்மா?" என்று கேட்டாள்.

பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. இரண்டு கேள்விகள். உங்கள் போனில் அந்தச் செய்தி எத்தனை மணிக்கு என்று காட்டுகிறது? அந்த நேரத்தில் போன் யாரிடம் இருந்தது? செய்தவள் யாரோ, அவளுக்கு டி.சி. கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அந்தச் சிறுமியின் அம்மா போலீசுக்குப் போவேன் என்கிறார். திங்கட்கிழமை நான் பதில் கொடுக்க வேண்டும்.

என் கணவருக்கு எல்லாம் தெரியும். "கேட்டதுக்குத்தானே பதில் எழுதற? பொய்யா எழுதற?" என்கிறார். அவர் மேடத்தைப் பார்த்ததே இல்லை. நான் எழுதியும்விட்டேன். 6.20. அடுத்த வரியில் மாவுக்காரர் மகளின் பெயர். இரண்டும் உண்மை. தாளை மடித்து மகளின் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

நேற்று காலை மாவு கொடுக்க வந்த அவளுடைய அம்மா, பாத்திரத்தைக் கீழே வைக்காமலே நின்றார். "இஸ்கூல்ல இன்னாமோ பேஜாராமே அக்கா. நம்ம பசங்களுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"நான் இன்னும் ஸ்கூலுக்குப் பதில் எழுதிக் குடுக்கலம்மா," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று எனக்குத் தெரிந்தது. அவர் நிம்மதியாகச் சிரித்துவிட்டு, ஒரு கரண்டி மாவைக் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

மேடத்தைத் தேடி ராயபுரம் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இப்போது கூரியர் ஆபீஸ் இருக்கிறது. எங்கே போனார் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. பழைய எண் உபயோகத்தில் இல்லை. கிடைத்திருந்தாலும் என்ன கேட்டிருப்பேன்? நான் கேட்டதற்கு மட்டும்தான் அவர் பதில் சொல்லியிருப்பார்.

அதனால் இதைப் படிக்கிற உங்களைக் கேட்கிறேன். என் மகளுக்கு எட்டு வயதுதான். அந்த மாவுக்காரர் மகளுக்கும் எட்டு வயதுதான். திங்கட்கிழமை நான் அந்தத் தாளைக் கொடுக்கட்டுமா, வேறு தாள் எழுதட்டுமா? குழந்தை வளர்த்தவர்கள், பள்ளியில் வேலை பார்ப்பவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். நான் கேட்டது இவ்வளவுதான். ஆனால் தயவுசெய்து, நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள்.